எட்டுப் பேர் விருந்து மேசைக்குப் பழைய முலாம் வெள்ளிச் சாமான்: இந்தப் பெட்டியை எடுக்கலாமா?

ராஜாக்கமங்கலம்:

வணக்கம். தக்கலைப் பக்கம் பழைய பங்களா ஒன்றைக் காலி பண்ணுகிறார்கள். சாப்பாட்டு அறைச் சாமான் முழுவதும் ஒரே மரப்பெட்டியாக விலைக்கு வந்திருக்கிறது. கிறிஸ்துமஸுக்குள் எட்டுப் பேர் உட்காரும் மேசை ஒன்றை முறையாகச் சேர்க்க வேண்டும். பெட்டியில் இருப்பது இவ்வளவு:

பெரிய முள்கரண்டி 11, சின்ன முள்கரண்டி 9, டெசர்ட் ஸ்பூன் 8, பரிமாறுகிற மேசைக்கரண்டி 4. எல்லாம் வேலைப்பாடு இல்லாத வழவழப்பான காம்பு. பின்னால் இ.பி.என்.எஸ். என்ற எழுத்துகள் ஒவ்வொன்றும் தனித்தனிக் கட்டத்துக்குள், பக்கத்தில் ‘ஏ1’, ‘ஷெஃபீல்டு’.

சூப் ஸ்பூன் 6, டபிள்யூ.எம்.எஃப். என்ற ஜெர்மன் கம்பெனி முத்திரை, கூடவே ‘90’ என்ற எண்.

கத்தி 10. கைப்பிடி மஞ்சள் கலந்த வெள்ளை. மூன்றில் பிடி ஆடுகிறது.

டீப்பாட் 1, அடியில் இ.பி.பி.எம். மூக்கு சேரும் இடத்தில் சாம்பல் நிறத் திட்டு.

மூடியுள்ள பரிமாறும் பாத்திரம் 1. முத்திரை எதுவும் இல்லை, விளிம்பில் செம்பு தெரிகிறது.

‘90 என்றால் 90 சதவீதம் வெள்ளி’ என்று சொல்லி, எல்லாவற்றையும் எடை போட்டு அன்றைய வெள்ளி விலையில் பாதி கேட்கிறார்கள். இது நியாயமா? எல்லாமே நன்றாகக் கறுத்துக் கிடக்கிறது. மொத்தமாக முலாம் பூசக் கொடுத்துவிடலாமா? வீட்டுக்குக் கடற்காற்று நேராக வரும், எப்படிப் பாதுகாப்பது?

வடசேரி உரைகல்:

முதலில் விலை. முலாம் சாமானை வெள்ளி விலையை வைத்து எடை போட்டு வாங்கவே கூடாது. பாதி விலைக்கும் கூடாது, கால் விலைக்கும் கூடாது.

இ.பி.என்.எஸ். என்றால் நிக்கல் சில்வர் மேல் மின்முலாம். பெயரில் சில்வர் இருக்கிறதே தவிர அந்தக் கலவையில் வெள்ளி துளியும் கிடையாது. செம்பு ஏறக்குறைய 60 பங்கு, மீதி நிக்கலும் துத்தநாகமும். ‘ஜெர்மன் சில்வர்’ என்று பாத்திரக்கடையில் சொல்வதும் இந்தக் குடும்பம்தான். எழுத்துகளைத் தனித்தனிக் கட்டத்துக்குள் அடித்திருப்பது பார்வைக்கு ஹால்மார்க் போலத் தெரியும், ஆனால் ஹால்மார்க் இல்லை. இங்கிலாந்தின் ஸ்டெர்லிங் (92.5 சதவீத) வெள்ளியில் நடக்கிற சிங்க முத்திரை இருக்கும், கூடவே ஊர் முத்திரை: லண்டனுக்குச் சிறுத்தைத் தலை, பர்மிங்காமுக்கு நங்கூரம், ஷெஃபீல்டுக்கு 1974 வரை கிரீடம். ‘ஷெஃபீல்டு’ என்று எழுத்தில் இருந்தால் செய்த ஊர், அவ்வளவுதான். ‘ஏ1’ என்பது அந்தந்தக் கம்பெனி தன் முலாமுக்குத் தானே போட்டுக்கொண்ட தரம். நல்ல கம்பெனியின் ஏ1 தடிமனாக இருக்கும், எல்லா ஏ1-ம் ஒன்றல்ல.

இனி அந்த 90. அது சதவீதமே இல்லை. 24 சதுர டெசிமீட்டர் பரப்புக்கு 90 கிராம் வெள்ளி ஏற்றியிருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பரப்பு சுமாராக 12 பெரிய முள்கரண்டியும் 12 பெரிய ஸ்பூனும் சேர்ந்தது. வகுத்துப் பாருங்கள், ஒன்றுக்கு 3.75 கிராம், தடிமன் 36 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) வரும். முலாமில் இது உயர்ந்த தரம், சந்தேகமில்லை. ஆனால் 65 கிராம் எடையுள்ள ஸ்பூனில் வெள்ளி நாலு கிராம்கூட இல்லை, அதுவும் புதிதாக இருந்த நாளில். பாதி விலை கொடுத்தால் 32 கிராம் வெள்ளிக்குப் பணம் கொடுக்கிறீர்கள். ஜெர்மன் சாமானில் கெட்டி வெள்ளி என்றால் 800 அல்லது 925 என்று மூன்று இலக்கத்தில் அடித்திருப்பார்கள்.

உரைகல்லில் தேய்த்துப் பார்க்கச் சொன்னால் ஏமாறுவீர்கள், மேல்பூச்சு வெள்ளி என்றுதான் காட்டும். வேறு இரண்டு சோதனை வீட்டிலேயே செய்யலாம்.

ஒன்று, கொதிநீர். முத்திரை தெளிவில்லாத ஸ்பூனின் குழியை மட்டும் டம்ளர் வெந்நீரில் விட்டு, காம்பு நுனியைப் பிடித்துக்கொள்ளுங்கள். கெட்டி வெள்ளி என்றால் சில நொடியில் விரல் சுடும். நிக்கல் சில்வர் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும், நிதானமாகப் பிடித்திருக்கலாம்.

இரண்டு, அடர்த்தி. சின்னத் தராசில் பாதி நீருள்ள டம்ளரை வைத்து எடையைப் பூஜ்யமாக்குங்கள். முள்கரண்டியை நூலில் கட்டி, முழுக்க மூழ்கும்படி, அடியிலோ பக்கத்திலோ படாமல் தொங்கவிடுங்கள். இப்போது காட்டும் கிராம்தான் அதன் கன அளவு. உலர்ந்த எடையை அதால் வகுக்க வேண்டும். 65 கிராம் முள்கரண்டிக்கு 7.5 காட்டினால் 8.7, அதாவது நிக்கல் சில்வர். 6.3 காட்டினால் 10.3, ஸ்டெர்லிங். கத்திக்கு இது ஒத்துவராது, பிடிக்குள் வேறு பொருள் அடைத்திருக்கும். காந்தமும் வைத்துப் பாருங்கள். நிக்கல் சில்வரில் ஒட்டாது, முள்கரண்டி ‘டக்’கென்று ஒட்டினால் அது இரும்பு மேல் பூச்சு.

கறுப்பைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். எனக்குக் கறுத்த பெட்டியைத்தான் பிடிக்கும். கறுப்பது வெள்ளி, காற்றிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து சல்பைடாகிறது. கறுத்த இடத்தில் வெள்ளி மிச்சம் இருக்கிறது. சுற்றிலும் கறுத்து, நடுவில் ஒரு திட்டு மட்டும் மங்கலான மஞ்சளாக நின்றால் அங்கே முலாம் போய்விட்டது. ஆகவே வாங்குவதற்கு முன் துடைத்துத் தரச் சொல்லாதீர்கள். துடைத்துப் பளபளவென்று வைத்தால் தேய்ந்த இடம் கண்ணுக்கு மறையும்.

எதையும் கவிழ்த்துப் பாருங்கள். ஸ்பூன் குழியின் முதுகு, முள்கரண்டி மேசையில் படுகிற வளைவு, முள்ளின் நுனி, இந்த மூன்று இடத்தில்தான் முதலில் போகும். அங்கே முலாம் நின்றால் நல்ல சாமான். ஒவ்வொன்றுக்கும் தனி விலை பேசுங்கள். தேய்ந்ததைக் கழித்துவிட்டுத்தான் எண்ண வேண்டும்.

குழித்துறை:

கத்தியைக் கவனமாகப் பாருங்கள் சார். மஞ்சள் கலந்த வெள்ளைப் பிடி மூன்று பொருளில் வரும்: தந்தம், எலும்பு, செல்லுலாய்டு என்கிற பழைய காலப் பிளாஸ்டிக். பிடியின் அடிப்பக்கத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தால் தந்தத்தில் குறுக்கும் நெடுக்குமாக வளைகோடுகள் வலைபோல வெட்டிக்கொள்ளும். எலும்பில் பொடிப்பொடிக் குழியும் கருங்கோடுகளும் இருக்கும். செல்லுலாய்டில் பிடி நெடுக ஒரே சீராக இணைகோடு ஓடும், மெஷின் போட்ட மாதிரி.

தந்தம் என்று தெரிந்தால் தொடாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 1986 திருத்தத்தில் இந்திய யானைத் தந்த வியாபாரமும், 1991 திருத்தத்தில் ஆப்பிரிக்கத் தந்த வியாபாரமும் தடையாகிவிட்டன. பழையது, வீட்டுச் சாமான் என்பதெல்லாம் பதிலாகாது. விற்கிறவரும் வாங்குகிறவரும் மாட்டுவார்கள். சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்பவர்கள் உண்டு, வேண்டாம். செல்லுலாய்டு குப்பென்று தீப்பிடிக்கும்.

அலகில் ‘ஸ்டெயின்லெஸ்’ என்று இருக்கிறதா பாருங்கள். ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகைக் கண்டது 1913-ல். அந்த எழுத்திருந்தால் கத்தி அதற்குப் பிந்தியது. அதற்கு முந்திய எஃகு அலகு நம்ம மழையில் ஒரே ராத்திரியில் துருவேறும். எலுமிச்சை பட்டால் கறுக்கும். விருந்துக்கு ஒத்துவராது.

பிடி ஆடுவதற்குக் காரணம் வெந்நீர். அலகின் வாலைப் பிடிக்குள் பிசினால் ஒட்டியிருப்பார்கள், சூட்டில் அது இளகிவிடும். எலும்புப் பிடிக்குப் பழைய முறையே போதும்: ரோசின் (பைன் மரப் பிசின்) 4 பங்கு, தேன்மெழுகு 1, சலித்த செங்கல் தூள் 1, மெல்லிய தீயில் உருக்கி ஓட்டையில் ஊற்றி, வாலைச் சுடவைத்து இறக்கி, ஆறும்வரை அசையாமல் நிறுத்த வேண்டும். செல்லுலாய்டுப் பிடிக்குச் சூடே ஆகாது. பழைய பிசினைச் சுரண்டி எடுத்துவிட்டு அரால்டைட் போட்டு ஒரு நாள் விடுங்கள்.

டீப்பாட்: இ.பி.பி.எம். என்றால் பிரிட்டானியா உலோகம் மேல் மின்முலாம். அந்த உலோகத்தில் பெரும்பங்கு வெள்ளீயம், கொஞ்சம் ஆண்டிமனி, கொஞ்சம் செம்பு. சுமார் 250 டிகிரியிலேயே உருகும். அடுப்பில் வைத்தால் அடி போய்விடும். மூக்கில் உள்ள சாம்பல் திட்டு யாரோ ஈயப்பற்று வைத்த இடம். அதன் மேல் முலாம் சரியாக நிற்காது. வெல்டிங் கடையில் கொடுத்தால் மூக்கே உருகி விழும். அலமாரியில் வைக்கத்தான் அது.

குளச்சல்:

உப்புக்காத்துல வைக்கிறது எப்படின்னு கேட்டிய. கறுப்பு கந்தகத்தால வருது. குழி விழுறதும் பச்சைக் களிம்பும் உப்பால வருது. ரெண்டும் வேற வேற. கறுப்பைத் துடைச்சா போயிரும், உப்பு அரிச்ச குழி போகாது. முலாம்ல ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் உப்பு ஈரம் உள்ள போய் அடியில உள்ள செம்பைத் தின்னும்.

ரப்பர் பேண்டு போட்டு டஜன் டஜனா கட்டி வைக்காதிய. ரப்பர்ல கந்தகம் உண்டு, பேண்டு இருந்த இடத்துல கோடு விழும், ஆழமா போனா துடைச்சாலும் போகாது. தினத்தாள், கம்பளி, புது பிளைவுட் அலமாரி, இதெல்லாமும் ஆகாது. ரப்பர் தோட்டத்துக்குப் பக்கத்துல வீடுன்னா இன்னொண்ணு: புது இலை விடுற சமயம், தை மாசியில, சாம்பல் நோய்க்குக் கந்தகத் தூள் அடிப்பாவ. அந்த நாள்ல சாமானை வெளிய வைக்காதிய.

வைக்கிற முறை: கஞ்சி போக ரெண்டு தரம் துவைச்சு நல்லா காஞ்ச மல் துணியில ஒவ்வொண்ணையும் தனியா சுத்தி, ஜிப் கவர்ல காத்தை அமுக்கி வெளியேத்தி மூடணும். கவருக்குள்ள ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம், அது சாமான்ல நேரா படாம. கழுவின உடனே வைக்காதிய, ஃபேனுக்குக் கீழ ரெண்டு மணி நேரம் காயட்டும். நமக்கு ஆனி ஆடி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. ரெண்டுக்கும் முன்னால ஒரு தடவை பிரிச்சுப் பாத்துக்கிடுங்க.

திருநீறு போட்டுத் தேய்க்கிற வழக்கம் கெட்டி வெள்ளிக் குத்துவிளக்குக்குத் தாங்கும். முலாமுக்கு வேண்டாம், கடையில வாங்குற திருநீறு எல்லாம் ஒரே நைசா இருக்காது. புளி, எலுமிச்சை, பீதாம்பரி கிட்டயே கொண்டுபோவாதிய.

ராஜாக்கமங்கலம்:

எல்லோருக்கும் நன்றி. சொன்னபடி பார்த்தேன். முள்கரண்டி அடர்த்தி 8.6, 8.7 என்று வருகிறது. பெரிய முள்கரண்டியில் 3-ன் முதுகில் மஞ்சள் திட்டு, மற்ற 8-ம் சீராகக் கறுத்திருக்கிறது. டெசர்ட் ஸ்பூனில் 2 தேய்ந்தது. சின்ன முள்கரண்டி எல்லாம் நன்றாக உள்ளது. கத்தியில் இணைகோடு, அலகில் ‘ஸ்டெயின்லெஸ்’ உண்டு. விலையை எடையிலிருந்து எண்ணிக்கைக்கு மாற்றச் சம்மதித்துவிட்டார்கள்.

தேய்ந்த ஐந்தையாவது முலாம் பூசலாமா? அந்தச் செம்பு விளிம்புப் பாத்திரத்தையும் சேர்த்துக் கொடுக்கலாமா?

வடசேரி உரைகல்:

பாத்திரத்தை யார் கையிலும் கொடுக்காதீர்கள், முதலில் என்னவென்று பார்க்க வேண்டும். தாமஸ் போல்சோவர் 1743 வாக்கில் ஷெஃபீல்டில் கண்டுபிடித்த முறை ஒன்று உண்டு. செம்புக் கட்டி மேல் வெள்ளித் தகட்டை வைத்துச் சூட்டில் ஒட்டி, தகடாக இழுத்துப் பாத்திரம் செய்வார்கள். 1840-ல் பர்மிங்காம் எல்கிங்டன் மின்முலாமுக்குக் காப்புரிமை எடுத்ததும் அந்தத் தொழில் படுத்துவிட்டது. அந்தக் காலச் சாமானில் முத்திரை இல்லாமல் இருப்பது சகஜம்.

அடையாளம்: விளிம்பில் நகத்தை ஓட்டினால் உள்பக்கம் மடித்த வரம்பு தட்டும், வெட்டுவாயில் செம்பு தெரியாதிருக்க வெள்ளிக் கம்பியால் மூடியிருப்பார்கள். உடம்பில் எங்காவது ஒட்டுக்கோடு இருக்கும். மின்முலாம் என்றால் பற்று வைத்த கோட்டையும் சேர்த்து மூடிவிடும், எதுவும் தெரியாது. பெயரெழுத்து பொறித்திருந்தால் அதன்மேல் வாயால் ஊதுங்கள். பழைய சாமானில் பொறிப்பதற்கென்று தனி வெள்ளித் துண்டு பதித்திருந்தால் அதன் ஓரம் ஆவியில் தெரியும். இவை இருந்தால் அந்தச் செம்பு நிறத்தோடுதான் அதற்கு மதிப்பு. மேலே புது முலாம் ஏற்றினால் மதிப்பு போயிற்று. செம்பு தெரிவது உள்பக்கம் என்றால் சாப்பாடு நேராகப் படக்கூடாது, உள்ளே பீங்கான் கிண்ணம் வைத்துப் பரிமாறலாம்.

தேய்ந்த ஐந்து: முலாம் பூசலாம், ஆனால் யாரிடம், எவ்வளவு என்பதில்தான் எல்லாம். கவரிங் நகைக்குப் பூசுகிற இடத்தில் கொடுத்தால் ஒரு மைக்ரானுக்கும் குறைவாக ஒரு ‘ஃபிளாஷ்’ கொடுத்துப் பளபளவென்று தருவார்கள். நாலு விருந்தில் போய்விடும். நீங்கள் கேட்க வேண்டியது 20 மைக்ரான். பெரிய முள்கரண்டியின் பரப்பு ஏறக்குறைய 100 சதுர செ.மீ.; 20 மைக்ரானுக்கு 2.1 கிராம் வெள்ளி ஏற வேண்டும். பஃப் (சக்கரத்தில் தேய்த்து மெருகேற்றுவது) போட்டு முடித்ததும் ஒரு எடை, முலாம் முடிந்ததும் ஒரு எடை, நகைத் தராசில் உங்கள் கண் முன்னால். ஐந்துக்கும் சேர்த்து பத்து கிராம் கூடியிருக்க வேண்டும். பஃப் போடுவதற்கு முன் எடுத்த எடையோடு ஒப்பிட்டால் கணக்கு தப்பும், பஃப்பில் உலோகம் கரைகிறது.

முதலில் மெல்லிய ‘ஸ்ட்ரைக்’ பூச்சு, அதன் பிறகே முழு முலாம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். நேராகப் பூசினால் பொருக்குப் பொருக்காக உரியும். மேலே லாக்கர் (நிறமில்லாத வார்னிஷ்) அடிக்க வேண்டாமென்று எழுதிக் கொடுங்கள். வீட்டில் முயற்சி செய்யக் கூடாது, அந்தத் தொட்டியில் இருப்பது சயனைடு.

நல்ல 8 முள்கரண்டியைத் தொடாதீர்கள். புதிதாகப் பூசியது பளீரென்று வெளுத்து நிற்கும், பழையதன் கனிந்த நிறத்தோடு ஒரே மேசையில் சேராது. அதனால் பெரிய முள்கரண்டி 3-ஐ உபரியாக வைத்துவிட்டு, டெசர்ட் ஸ்பூன் 2 மட்டும் வேறு தேடுவதுதான் என் யோசனை. வழவழப்பான காம்பு ‘ஓல்ட் இங்லிஷ்’ பாணி, ஷெஃபீல்டில் அநேகமாக எல்லோரும் செய்தது. கிடைக்கும். கம்பெனிக்குக் கம்பெனி நீளம் 5 முதல் 10 மி.மீ. மாறும் என்பதால் ஸ்கேல் கொண்டுபோங்கள். வேலைப்பாடுள்ள ‘கிங்ஸ்’ பாணியாக இருந்தால் சிப்பியும் கொடியும் ஒருவருக்கொருவர் மாறும், ஜோடி சேர்ப்பது பெரும்பாடு.

மார்த்தாண்டம்:

கறுப்பு எடுக்கிற அளவு யாரும் சொல்லவில்லையே, சொல்லிவிடுகிறேன். அகலமான பிளாஸ்டிக் தொட்டியின் அடியில் அலுமினியத் தாளைப் பளபளப்புப் பக்கம் மேலே இருக்க விரியுங்கள். 1 லிட்டர் கொதிநீருக்கு 2 மேசைக்கரண்டி ஆப்பச்சோடா. ஒவ்வொன்றும் தாளைத் தொட வேண்டும், தொடாவிட்டால் வேலை நடக்காது. அழுகிய முட்டை வாடை வரும், அது கந்தகம் பிரிகிற வாடை, ஜன்னலைத் திறந்து வையுங்கள். 2 நிமிஷத்தில் எடுத்து நல்ல தண்ணீரில் அலசுங்கள். இதில் வெள்ளி தேய்வதில்லை, கறுப்பாகப் போன வெள்ளி திரும்பி வருகிறது. கத்தியையும் டீப்பாட்டையும் இதில் போடக்கூடாது. பிறகு நைஸ் சாக் (சுண்ணக்கட்டி) தூளைத் தண்ணீரில் குழைத்து, பருத்தித் துணியில் காம்பு போகிற போக்கில் நீளவாக்கில் மட்டும் துடையுங்கள். வட்டமாகத் தேய்த்தால் வெளிச்சத்தில் சிலந்திவலை போலக் கீறல் தெரியும்.

சூப் ஸ்பூன் 6 தான் இருக்கிறதே என்று கவலை வேண்டாம். எல்லா வகையும் ஒரே பாணியில் இருக்க வேண்டியதில்லை, ஒரு வகைக்குள் எட்டும் ஒன்றாக இருந்தால் போதும். ஆனால் 6-ம் 2-ம் கலக்காதீர்கள். அதே டபிள்யூ.எம்.எஃப். பாணியில் இரண்டு கிடைக்கும்வரை அந்த வகையை மேசையில் சேர்க்காமல் விடலாம், சூப் இல்லாத விருந்து நம்ம பக்கம் குறைச்சல் இல்லை.

ஒருவருக்கு 60 செ.மீ. இடம் வேண்டும். 180-க்கு 90 மேசையில் நீளப் பக்கம் மூன்று மூன்று, தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று. வலதில் கத்தி, அலகு தட்டைப் பார்த்து. இடதில் முள்கரண்டி. முதலில் சாப்பிடுவதற்கு வேண்டியது வெளியே. டெசர்ட் ஸ்பூனும் சின்ன முள்கரண்டியும் தட்டுக்கு மேலே குறுக்காக, ஸ்பூன் காம்பு வலப்பக்கம், முள்கரண்டி காம்பு இடப்பக்கம்.

நம்ம சமையலுக்கு இரண்டு எச்சரிக்கை. முட்டை ரோஸ்டுக்கு இந்த ஸ்பூனைப் போடாதீர்கள், முட்டையிலேயே கந்தகம் இருக்கிறது, சாப்பிட்டு முடிப்பதற்குள் பழுப்பேறும். புளியோ குடம்புளியோ போட்ட மீன்குழம்பை மண்சட்டியிலோ பீங்கானிலோ வையுங்கள், பரிமாறும் கரண்டியை அதிலேயே போட்டு வைக்காதீர்கள். ஆப்பமும் ஸ்டூவும், கட்லெட், பொரித்த கோழி, புட்டிங், கேக், இவற்றுக்கு முலாம் சாமான் அழகாக ஒத்துப்போகும். உப்பைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வையுங்கள். வெள்ளிச் சாடி என்றால் உள்ளே கண்ணாடி இல்லாமல் உப்பு போடவே கூடாது.

விருந்து முடிந்ததும் இரண்டு மணி நேரத்துக்குள் கழுவிவிடுங்கள். எச்சிலோடு ராத்திரி கிடந்தால் உப்பு வேலையைத் தொடங்கிவிடும். வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவம், தொட்டியின் அடியில் ஒரு துண்டு விரித்துக்கொண்டு. கத்தியைத் தண்ணீரில் ஊறப்போடாமல் அலகை மட்டும் துடையுங்கள். எல்லாவற்றையும் எண்ணிப் பெட்டியில் வைத்த பிறகே குப்பைக் கவரைக் கட்டுங்கள். எலும்போடும் இலையோடும் சேர்ந்து தொலைவது எப்போதும் சின்ன ஸ்பூன்தான்.